ஜப்பான் சாப்பாடு விழுப்புரத்தில் கிடைக்குமா?

சென்னை நுங்கம்பாக்கம் நெடுஞ்சாலையில் காவேரி காம்ப்ளெக்ஸ் என்று ஒரு கட்டிடம். அதற்குள்ளே ‘டாலியா’ என்று ஒரு ஜப்பான் ஓட்டல். கம்பெனி வேலையாகச் சென்னைக்கு வந்த ஜப்பான்காரர்கள் தங்கள் ஊர் ருசிக்காகப் பல வருஷம் தேடிப் போன இடம் அது.

2010-ல் ஒரகடத்தில் நிசான் கார் தொழிற்சாலை திறந்தது. அதை ஒட்டி இன்னும் பல ஜப்பான் கம்பெனிகள் வந்தன. ஆட்கள் வந்தால் சோறும் கூடவே வரத்தானே செய்யும்? நட்சத்திர ஓட்டல்களிலும் பணக்காரப் பேட்டைகளிலும் சுஷி, சஷிமி என்று எழுதிய மெனு அட்டைகள் வந்துவிட்டன.

திண்டிவனத்தில் காலை ரெயிலைப் பிடித்து சென்னையில் ஆபீசுக்குப் போகும் குமாஸ்தா இந்த ஓட்டல்களின் வாசலைத் தாண்டித்தான் நடக்கிறார். போர்டைப் பார்ப்பார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார். நடையைக் கட்டுவார். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்தால் ஆயிரம் ரூபாய் ஓடிவிடும். பையில் வீட்டுக்காரம்மா கட்டிக் கொடுத்த தயிர்சாதம் இருக்கிறது, அது போதும்.

“பச்சை மீனையா தின்கிறான்?” என்று சிரிப்பவர்கள் உண்டு. சஷிமி பச்சை மீன்தான். ஆனால் சுஷி என்பது வெறும் மீன் இல்லை. காடியில் பிசறிய சோறுதான் அதில் முக்கியம். மீன் மேலே உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். நம்மூர் புளிசாதத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொன்னால் அடிக்க வரமாட்டார்கள்.

இவ்வளவும் பணக்காரர் பாடு. ஜப்பான்காரரின் நல்ல சாப்பாடு ஏ.சி. அறைக்குள் மட்டும் இல்லை. அது ரெயில்வே பிளாட்பாரத்திலும் இருக்கிறது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் வேண்டிய சங்கதி அதுதான்.

அதற்குப் பெயர் ‘எகிபென்’. ஸ்டேஷன் சாப்பாட்டுப் பொட்டலம் என்று அர்த்தம். 1885-ல் உட்சுனோமியா ஸ்டேஷனில் விற்றதுதான் முதல் பொட்டலம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அதில் என்ன இருந்தது? எள் தூவிய இரண்டு சோற்று உருண்டை, உள்ளே உப்பில் ஊறிய புளிப்புக் காய், பக்கத்தில் முள்ளங்கி ஊறுகாய். எல்லாவற்றையும் மூங்கில் பட்டையில் சுற்றியிருந்தார்கள். நம் பாட்டி கட்டிய கட்டுச்சோறேதான்! புளிப்பு இருந்தால் சோறு சீக்கிரம் கெடாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அதன் பிறகு ஊருக்கு ஊர் ஒரு பொட்டலம் என்று ஆகிவிட்டது. கடலோர ஊர் என்றால் மீன், நண்டு. மாடு வளர்க்கும் ஊர் என்றால் மாட்டிறைச்சி. அந்த ஊரில் விளைந்தது அந்த ஊர்ப் பெட்டியில் இருக்கும். உள்ளே என்னென்ன இருக்கிறது, யார் செய்தது, எந்த நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், என்ன விலை, எல்லாம் மேலே ஒட்டிய காகிதத்தில் இருக்கும். பெட்டிக்காகவே ரெயில் ஏறுகிறவர்களும் அங்கே உண்டு.

யோகோகாவா என்று ஒரு சின்ன ஸ்டேஷன். அதைத் தாண்டினால் செங்குத்தான மலைப்பாதை. அங்கே நின்று கூடுதல் என்ஜின் மாட்டினால்தான் ரெயில் மேலே ஏறும். அந்த நேரத்தில் பயணிகளுக்குப் பசிக்கும். ஆறிப்போன பொட்டலத்தைக் கண்டு அவர்கள் முகம் சுளித்தார்கள். சாப்பாடு விற்ற ஓகினோயா கடைக்காரர்கள் யோசித்து, 1958-ல் மண்சட்டியிலேயே சோறும் கறியும் காயும் போட்டுச் சூடாகக் கொடுத்தார்கள். ஜனங்கள் சோற்றைத் தின்றுவிட்டுச் சட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்! 1997-ல் புதிய அதிவேகப் பாதை வந்தது. மலைமேல் ஓடிய அந்தப் பழைய பாதையையே மூடிவிட்டார்கள். மண்சட்டிச் சோறு மட்டும் நிற்கவில்லை.

விழுப்புரத்துப் பெரியவர்களுக்கு இதைப் படித்ததும் பழைய ஞாபகம் வரும். மீட்டர்கேஜ் காலத்தில் சென்னையிலிருந்து மின்சார என்ஜின் விழுப்புரம் வரைதான். அங்கே அதைக் கழற்றி, நீராவியோ டீசலோ மாட்டித்தான் தெற்கே போக வேண்டும். வண்டி சாவகாசமாக நிற்கும். கூஜாவோடு இறங்குவார்கள். இலைப் பொட்டலமும் டீயும் ஜன்னல் ஜன்னலாகப் போகும். யோகோகாவாவுக்கு இருந்த வாய்ப்பு விழுப்புரத்துக்கும் இருந்தது. அந்த ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. இந்த ஊர் கோட்டை விட்டது.

இன்றைக்கு மின்சார என்ஜின் ஒரே மூச்சில் திருச்சியைத் தாண்டி ஓடுகிறது. 2023-ல் வந்த நெல்லை வந்தே பாரத் விழுப்புரத்தில் நிற்கிறது என்றாலும், எட்டிப் பார்ப்பதற்குள் கிளம்பிவிடும். வண்டி நிற்கும் நேரம் குறையக் குறைய, கையில் வாங்கிக்கொண்டு ஏறக்கூடிய பொட்டலத்துக்குத்தானே மவுசு கூட வேண்டும்?

விழுப்புரம் சாதாரண ஜங்ஷன் இல்லை. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திக்கில் தண்டவாளம் பிரிகிறது. புதுச்சேரிப் பாதை 1879-லேயே போட்டது. திண்டிவனமும் லேசுப்பட்டதில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் வருகிறவர்கள் புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும், மரக்காணத்துக்கும், வந்தவாசிக்கும் அங்கேதான் திரும்புகிறார்கள். பாதித் தமிழ்நாடு இந்த இரண்டு ஊரையும் தாண்டிப் போகிறது. தாண்டும்போது என்ன சாப்பிடுகிறது?

பஸ் பயணியைக் கேட்டால் வயிறெரிந்து சொல்வார். நெடுஞ்சாலையில் எந்த மோட்டலில் பஸ் நிற்கும் என்பதைப் பயணி முடிவு செய்வதில்லை. “வண்டி பத்து நிமிஷம் நிக்கும், சாப்பிடறவங்க சாப்பிடலாம்” என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். நடுராத்திரியில் பாதித் தூக்கத்தோடு இறங்கினால் எதிரே அந்த ஒரு கடைதான். வேறே எங்கே போவது? ஆறின தோசைக்கு என்ன விலை சொன்னாலும் கொடுக்கத்தான் வேண்டும். பாட்டிலில் அச்சடித்த விலைக்கு மேல் கேட்கிறார்கள் என்பது பல வருஷத்துப் புகார். அப்படி விற்பது சட்டப்படி குற்றம். ரசீது கேட்டால் மட்டும் கல்லாக்காரருக்குக் காது கேட்காது.

அரசு பஸ்கள் நிற்கும் மோட்டல்களுக்கு நிபந்தனைகள் இல்லாமல் இல்லை. 2022 ஜனவரியில் டெண்டர் விட்டபோது ‘சைவம் மட்டும்’ என்று ஒரு நிபந்தனை இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதை எடுத்துவிட்டார்கள். ஊரே சைவமா அசைவமா என்று பட்டிமன்றம் நடத்தியது. தோசை சூடா, தண்ணீர் சுத்தமா, விலை நியாயமா என்று கேட்க ஆள் இல்லை.

ரெயில் பயணிக்குக் கொஞ்சம் பரவாயில்லை. 2023-ல் ரெயில்வே, பொதுப்பெட்டிப் பயணிகளுக்காக 20 ரூபாய்க்குப் பூரி கிழங்கு, 50 ரூபாய்க்குச் சற்றுப் பெரிய சாப்பாடு என்று ஒரு திட்டம் தொடங்கியது. பாராட்ட வேண்டிய காரியம். குறைந்த விலையில் கொடுக்க முடியும் என்று அது காட்டிவிட்டது. ஆனால் அந்தப் பூரிக்கு ஊர் இல்லை. விழுப்புரத்தில் சாப்பிட்டாலும் அதே பூரி, போபாலில் சாப்பிட்டாலும் அதே பூரி.

இன்னொரு திட்டமும் இருக்கிறது. ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ என்று 2022-ல் வந்தது. அந்தந்த ஊர்ப் பொருளை அந்தந்த ஸ்டேஷனில் விற்க இடம் கொடுப்பது. ஜப்பானில் ஓய்டா மாநிலத்தில் 1979-லேயே ‘ஒரு கிராமம் ஒரு பொருள்’ என்று ஓர் இயக்கம் நடத்தினார்கள், கிட்டத்தட்ட அதே சாயல். ஆக, கடை போட இடம் இருக்கிறது. பெட்டியில் போட இந்த மாவட்டத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

என்ன இல்லை?

திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்றால் நிலக்கடலை போடும் விவசாயி யாரும் தலையாட்டுவார். அந்த டி.எம்.வி. என்ன என்று தெரியுமா? ‘திண்டிவனம்’தான்! ஆந்திரா, கர்நாடகா வரைக்கும் ஊர்ப் பெயரைக் கொண்டுபோன கடலை அது. எள்ளிலும் டி.எம்.வி. ரகங்கள் உண்டு. அந்தப் பெயரைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்கித் தின்கிறவருக்கே யாரும் சொன்னதில்லை.

உப்புக்கு மரக்காணம் இருக்கிறது. அந்தக் கரையிலேயே கருவாடும் இருக்கிறது. நெல்லுக்குப் பஞ்சமில்லை. சட்டி வேண்டுமென்றால் குயவர்கள் இருக்கிறார்கள். ஜப்பான்காரர் 1885-ல் மூங்கில் பட்டையில் சுற்றியதை இங்கே மந்தாரை இலையில் சுற்றலாம். 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறதே, அதற்கும் இது ஒத்துப்போகும்.

புளிசாதம். மேலே வறுத்த திண்டிவனம் கடலை, எள்ளுப்பொடி. ஓரத்தில் மரக்காணம் உப்பில் ஊறிய மாங்காய். அசைவக்காரருக்குத் தனிப் பொட்டலத்தில் ஒரு துண்டு கருவாட்டு வறுவல் (பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்தினால் அது அவர் பாடு). மேலே ஒட்டிய சீட்டில் ‘விழுப்புரம்’ என்று கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயர், செய்த குழுவின் பெயர், செய்த மணி, கெடு மணி, விலை. இவ்வளவுதான் பெட்டி.

“புளிசாதம் இப்பவும்தானே விக்கிறான்?” என்று கேட்கலாம். விற்கிறார்கள். கூடையும் கையுமாகப் பெட்டிக்குப் பெட்டி தாவுகிறார்கள். லைசென்ஸ் இல்லாதவர், போலீஸ் தலை தெரிந்தால் அந்தப் பக்கம் இறங்கி ஓடுகிறார். யார் செய்தது, எப்போது செய்தது என்று பயணிக்குத் தெரியாது. நல்லதாக இருந்தால் மறுபடி வாங்க ஆளைத் தேட முடியாது. கெட்டதாக இருந்தால் சண்டைக்கும் ஆளில்லை. நல்ல கைப்பக்குவம் உள்ள அம்மாவுக்கும், நேற்றைய சோற்றைக் கிளறி விற்கிறவருக்கும் ஒரே மரியாதை, ஒரே விரட்டல். சீட்டு ஒட்டினால் அந்த அம்மாவுக்குப் பெயர் கிடைக்கும். பெயர் கிடைத்தால் வியாபாரம் நிற்கும்.

இதில் ஒரு பயமும் இருக்கிறது. பெட்டி அழகாக இருக்கிறது என்று யாராவது பெரிய காண்டிராக்டர் உள்ளே நுழைவார். நாற்பது ரூபாய்ப் புளிசாதத்துக்கு வழவழ அட்டை போட்டு இருநூறு ரூபாய் போடுவார். அப்படி ஆனால் நுங்கம்பாக்கம் ஓட்டலுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. குமாஸ்தா மறுபடியும் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நடப்பார். ஆகவே விலையை முதலில் கட்ட வேண்டும், பெட்டியைப் பிறகு கட்டலாம். செய்கிற வேலை உள்ளூர் மகளிர் குழுக்களிடம் இருக்க வேண்டும்.

திண்டிவனம் சிப்காட்டில் உணவுப் பூங்கா அமைக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் வரட்டும், நல்லதுதான். அதில் ஒரு மூலையை இந்தக் குழுக்களுக்கும் ஒதுக்கினால், எத்தனை மணி நேரம் சோறு கெடாது என்று சோதித்துச் சொல்லவும் சுத்தமாகக் கட்டவும் வசதி கிடைக்கும். மே மாத வெயிலில் இந்தச் சோதனை இல்லாமல் இறங்கக் கூடாது.

தெற்கு ரெயில்வே விழுப்புரம் பிளாட்பாரத்தில் ஒரே ஒரு கடையை மூன்று மாதத்துக்குக் கொடுத்துப் பார்க்கட்டும். போக்குவரத்துக் கழகம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மேஜை போட இடம் கொடுக்கட்டும். பொட்டலம் விற்காமல் நின்றால் மேஜையை எடுத்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. விற்றால், ராத்திரி பஸ்ஸில் வருகிறவர் மோட்டல் வாசலில் கீழே இறங்காமல், சீட்டிலேயே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிப்பார்.