கரித்துண்டால் வரைய முடியாத சின்னம் நமக்கெதற்கு?

எழுத்தைப் பற்றியும் படத்தைப் பற்றியும் சின்னத்தைப் பற்றியும் நம் இயக்கங்களுக்குள் பேச்சே இல்லை. யாராவது பேச எடுத்தால், "மொதல்ல பிரச்சினையப் பேசுங்க தோழர், அலங்காரத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். ஆர்ப்பாட்டத்துக்கு நாலு நாள் முன்னால் ஃபிளெக்ஸ் கடைக்கு ஒரு பையனை அனுப்புவதோடு அந்த வேலை முடிந்துபோகிறது. கடைக்காரரின் கணினியில் ஏற்கெனவே ஒன்று தயாராக இருக்கும், போன வாரம் காதுகுத்துக்குப் போட்டது. குழந்தையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அம்பேத்கரை வைப்பார். தோரணமும் ரோஜாப்பூவும் அப்படியே இருக்கும். கீழே முப்பது முகங்கள், அவரவர் பொறுப்புக்கேற்ற அளவில். நடந்த கொடுமை என்ன, நாம் கேட்பது என்ன என்பதெல்லாம் முகங்களுக்கு நடுவில் கிடைத்த சந்தில் பொடி எழுத்தில் கிடக்கும். பேருந்தில் போகிறவர் எதைப் படிப்பார்? "யாரோ ஒருத்தருக்குப் பொறந்தநாள் போல" என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

சின்னமும் நிறமும் எப்போதும் யாருடைய பக்கமோ நிற்கின்றன. தமிழ்நாட்டரசின் முத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கோயில் கோபுரம். நம் சாதிச் சான்றிதழின் தலையிலும் அதுதான். அந்தக் கோபுர வாசலைத் தாண்டி நம் பாட்டன் பாட்டிகள் உள்ளே போக 1939லும் 1947லும் சட்டங்கள் வர வேண்டியிருந்தன. கோயிலைக் கும்பிடுவதும் கும்பிடாததும் அவரவர் விருப்பம். தமிழ்நாடு என்றதும் முத்திரை வரைந்தவர்களின் கண்ணில் எது பட்டது என்பதுதான் என் கேள்வி. ஏரி படவில்லை, நாற்று படவில்லை, பறை படவே இல்லை.

தென்மாவட்டப் பள்ளிகளில் பையன்கள் கையில் கட்டுகிற கயிறு இன்னொன்று. சாதிக்கொரு நிறம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து நம் பிள்ளையையும் அவன் தங்கையையும் வெட்டினார்களே, அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொன்னது. நிறத்தை வைத்து ஆள் பிரிக்கலாம் என்பதைச் சாதி வெறியர்கள் எந்த ஓவியக் கல்லூரியிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நாம்தான் இன்னும் அதை அலங்காரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம் முன்னோர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'பறையன்'. வசவாக வீசப்பட்ட சொல்லை எடுத்து அச்சுக் கோத்து, பத்திரிகையின் தலையில் ஏற்றிவைத்தார். வாங்குகிறவர் அந்தச் சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும். பிடிக்காதவரும் அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தார். விலையே பெயரில் இருக்கிறது. யாருக்காக வருகிற பத்திரிகை என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே அது 'தமிழன்' ஆகிவிட்டது. எனக்கென்னவோ பழைய பெயர்தான் பிடிக்கிறது.

சின்னம் வரைவதைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக நல்ல பாடம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நடந்தது. நம் சிறுத்தையின் பூர்வீகமும் அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அங்கே லவுண்டஸ் கவுண்டியில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பின மக்கள். 1965 தொடங்கும்போது வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்கூடக் கிடையாது. மாநிலத்தை ஆண்ட ஜனநாயகக் கட்சியின் அலபாமா கிளைக்கு வெள்ளைச் சேவல் சின்னம். அதோடு வெள்ளையர் மேலாதிக்கம் என்ற முழக்கமும் வாக்குச்சீட்டிலேயே அச்சாகி வரும். 1966 ஜனவரியில்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள், சேவலை எடுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய இருந்ததால் கட்சிக்குப் படச்சின்னம் வேண்டும் என்று அங்கே சட்டம். நமக்கு ரொம்பப் பழகிப்போன ஏற்பாடுதான்.

ஸ்டோக்லி கார்மைக்கேலும் அவருடைய மாணவர் அமைப்புத் தோழர்களும் அந்த ஊர் மக்களோடு சேர்ந்து தனிக்கட்சி கட்டினார்கள். சின்னம் தேடுகிற பொறுப்பு ரூத் ஹோவர்ட் என்ற தோழரிடம் வந்தது. முதலில் அவர் காட்டியது புறா. யாருக்கும் பிடிக்கவில்லை. பிறகு அட்லாண்டாவில் கிளார்க் கல்லூரியின் விளையாட்டு அணிக்கிருந்த சிறுத்தையைப் பார்த்து, கறுப்புச் சிறுத்தையைக் கொண்டுவந்தார்கள். பின்வாங்கிக்கொண்டே போகும், மூலையில் முடக்கினால் உயிரைக் காத்துக்கொள்ளப் பாயும், அதுதான் நாங்கள் என்று கட்சித் தலைவர் ஜான் ஹியூலெட் விளக்கம் சொன்னார். சேவலுக்கு எதிரில் பூனை இனம்! விளக்கமே தேவையில்லை. ஷெரிஃப் என்றால் யார், அவருக்கு என்ன வேலை என்று படக்கதைச் சிறுநூல்களும் போட்டார்கள். 1966 நவம்பரில் நின்ற எல்லோரும் தோற்றார்கள். 1970 தேர்தலில் அதே ஹியூலெட் அந்தக் கவுண்டிக்கு ஷெரிஃப் ஆனார்.

அதே 1966 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஹியூ நியூட்டனும் பாபி சீலும் கட்சி தொடங்கியபோது இந்தச் சிறுத்தையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அவர்களோடு சேர்ந்தவர் எமரி டக்ளஸ். நம் மாணவர்கள் இவருடைய படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். சிறுவனாகச் சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்டிருந்தபோது அச்சு வேலை பழகியவர், பிறகு கல்லூரியில் விளம்பரக் கலை படித்தவர். கட்சிப் பத்திரிகையின் முதல் இதழ் தட்டச்சில் அடித்துக் கையால் தலைப்பு எழுதிய சில தாள்கள்தான். எமரி வந்ததும் அதன் முகமே மாறியது. கையில் காசில்லை. கறுப்போடு இன்னொரு நிறம், பல இதழ்களுக்கு அவ்வளவுதான் முடிந்தது. அந்த ஒரு நிறத்தைத் தாள் முழுக்க இறக்கிவிட்டு, அதன்மேல் கனமான கறுப்புக் கோட்டில் உருவங்களை வரைந்தார். மலிவு அச்சில் நிறம் கொஞ்சம் விலகி விழும். தடித்த கோடு அந்த விலகலை விழுங்கிவிடும். மரச்செதுக்குப் படத்தின் தோற்றம் அவருக்கு வேண்டும், செதுக்க நேரமில்லை, பேனாவாலேயே அதைக் கொண்டுவந்தார். நிழலுக்குக் கடையில் விற்கிற புள்ளித் தாளை வெட்டி ஒட்டினார். இல்லாமையை மறைக்கப் பார்க்காமல் அதையே பாணியாக்கிக்கொண்டார்.

அவர் யாரை வரைந்தார் என்பது அதைவிட முக்கியம். எலி ஓடும் அறையில் பிள்ளையை வைத்திருக்கும் தாய், உழைத்துக் களைத்த கிழவர், பத்திரிகை விற்கும் பையன். தெருவில் போகிறவர்கள் சுவரில் தங்களையே பார்த்தார்கள். கைகூப்பிக் கெஞ்சுகிற முகத்தை அவர் வரையவில்லை. நம் பத்திரிகைகளில் ஒரு வன்கொடுமைச் செய்திக்குப் போடுகிற படத்தை நினைத்துப் பாருங்கள். குந்தி உட்கார்ந்து தலையில் கைவைத்த ஓர் உருவம், பின்னால் எரியும் குடிசை. எத்தனை வருஷமாக அதே படம்! 2007இல் லாஸ் ஏஞ்சல்ஸின் சமகாலக் கலை அருங்காட்சியகம் எமரியின் படங்களை மாட்டிவைத்தது. ஓக்லண்டுச் சுவர்களில் அவை நாற்பது வருஷத்துக்கு முன்பே இருந்தன.

சிறுத்தை 1972இல் மும்பைக்கு வந்தது. நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே.வி. பவார் முதலானோர் 'தலித் பேந்தர்ஸ்' தொடங்கினார்கள். 1980களில் மலைச்சாமி அதை மதுரையில் இறக்கினார். வந்த வழியில் அதன் உடம்பில் புள்ளிகள் முளைத்துவிட்டன. அலபாமாவில் அது வெறும் கறுப்பு உருவம், உள்ளே கோடு குறைவு. நம் ஊர்ச் சுவர்களில் புள்ளி, மீசை, பல், நாக்கு எல்லாம் சேர்ந்தன. இப்போது ஃபிளெக்ஸில் மயிர்மயிராகத் தெரிகிற புகைப்படச் சிறுத்தை, பின்னால் மின்னல் வேறு. பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டு வயசுப் பிள்ளை அதைக் கரித்துண்டால் சுவரில் வரைய முடியுமா? சின்னத்துக்கு நான் வைக்கிற சோதனை இது ஒன்றுதான். யாரும் திரும்ப வரைய முடியாத சின்னம், அச்சடிக்கக் காசிருக்கிறவனுடைய சின்னமாகத்தான் கடைசியில் போய் நிற்கும்.

இந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்குவது அம்பேத்கர் சிலை. ஊரில் கொத்தனாரோ சிமெண்ட் வேலைக்காரரோ செய்த சிலைகளில் பலவற்றுக்கு முகம் பொருந்தாது. சிலதில் மூக்கு யாருடைய மூக்கென்றே தெரியாது. ஆனாலும் யார் என்று கேட்க ஆளில்லை. வட்டக் கண்ணாடி, நீலக் கோட்டு, கையில் புத்தகம், நீட்டிய விரல். இந்த நான்கில் இரண்டு இருந்தாலே போதும். எந்த விளம்பரக் கம்பெனியும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, சனங்கள் கல்லிலும் சிமெண்டிலும் திரும்பத் திரும்பச் செய்து திரட்டியெடுத்தது. சேதப்படுத்துவார்கள் என்று சொல்லி அதைச் சுற்றி இரும்புக் கூண்டு போடுகிறது அரசு. உடைக்கிறவன் வெளியே திரிய, சிலை உள்ளே. தமிழ்நாட்டுக்கு உண்மையான முத்திரை ஒன்று வரையச் சொன்னால் நான் அந்தக் கூண்டைத்தான் வரைவேன்.

பானையும் இருக்கிறது. பேஷ்வாக்கள் ஆண்ட பூனாவில் தீண்டப்படாதவர் எச்சில் துப்பக் கழுத்தில் மண்சட்டி கட்டிக்கொள்ள வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதினார். நாக்பூர்க்காரரான ஓவியர் சவி சாவர்கர் அந்தச் சட்டியோடு நிற்கும் மனிதனை மறுபடி மறுபடி வரைந்திருக்கிறார். 2019இல் சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்று 3,219 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2025 ஜனவரியில் தேர்தல் ஆணையம் அதை அவர் கட்சிக்கே ஒதுக்கியது. தேர்தல் அரசியலைப் பற்றி எனக்கு வேறு கருத்துகள் உண்டு, அது இங்கே வேண்டாம். வரைகிறவனாகச் சொல்கிறேன்: இரண்டு வளைவு, மேலே ஒரு விளிம்பு, பானை முடிந்தது. கழுத்தில் தொங்கிய சட்டிக்கும் சுவரில் ஏறிய பானைக்கும் நடுவில் எவ்வளவு பெரிய கதை கிடக்கிறது! நான் பார்த்த சுவர்களில் ஒன்றிலும் அந்தக் கதை இல்லை. பானைக்குப் பக்கத்தில் வழக்கம்போல முகங்கள்தான்.

"கணினி வேணாங்கிறீங்களா, செல்போன்லயே ஒரு நிமிஷத்துல செஞ்சிடலாமே" என்று மாணவத் தோழர்கள் கேட்பார்கள். கணினி இருந்திருந்தால் எமரியும் அதில்தான் செய்திருப்பார். செய்யுங்கள். ஆனால் அது எடுத்துக்கொடுக்கிற பூவையும் தங்க நிற எழுத்தையும் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். முதலில் கையால் வரைந்துவிட்டு அப்புறம் கணினியிடம் போங்கள்.

கையால் எழுதிப் பழகியவன் என்ற முறையில் சில விஷயங்கள். ஆங்கிலத்தில் உரக்கக் கத்துவதற்கென்றே பெரிய எழுத்து என்று தனி வரிசை இருக்கிறது. தமிழில் கிடையாது. இங்கே தடிமனால்தான் கத்த வேண்டும். பட்டைத் தூரிகையை ஒரே சாய்வில் பிடித்து இழுத்தால் தடிப்பும் மெலிவும் தானாக வரும். நம் எழுத்து மேலேயும் கீழேயும் கை நீட்டும்: 'நீ' மேலே போகும், 'சு' கீழே இறங்கும். அதனால் இரண்டு வரிக்கு நடுவில் அரை எழுத்து உயரமாவது இடம் விடுங்கள். நூல் பிடித்துக் கோடு போடாமல் எழுதினால் மூன்றாவது சொல்லில் வரி சரியும். வெள்ளையடித்த சுவரில் நீலமோ கறுப்போ, ஏதாவது ஒன்று போதும். 'ஒடுக்கப்பட்டோர்' என்று தொடங்கினால் பாதியில் சுவர் தீர்ந்துவிடும். நிலம், கூலி, நீதி, தண்ணீர் எல்லாம் சின்னச் சொற்கள், தூரத்திலிருந்தே படிக்கலாம். அடுத்தவர் சுவரில் கேட்காமல் எழுதினால் 1959ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. ஊர்ச் சுவரில் எழுதினால் சட்டம் வருவதற்கு முன்னால் வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள். சேரியிலேயே சுவர் நிறைய இருக்கிறது, வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

ஒரே வாசகத்தை ஐம்பது இடத்தில் போடப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் நல்ல அச்சுத் தகடு. வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்புப் போய்விடும், பிளேடால் வெட்டலாம். வ, ண, ழ மாதிரி சுழியுள்ள எழுத்துகளில் கவனம். சுற்றி வெட்டினால் சுழிக்குள் இருக்கிற துண்டு கழன்று விழுந்து, எழுத்து குருடாகிவிடும். இரண்டு பக்கமும் நெல் அகலத்துக்குப் பாலம் விட்டு வெட்டுங்கள். பாலம் இருந்த இடம் சுவரில் சின்ன இடைவெளியாகத் தெரியும். அதைத் தூரிகையால் அடைக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.