மீசை முளைக்காத சிப்பாய்கள்

1915-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். முதல் உலகப் போர் நடந்துகொண்டு இருந்தது. இங்கிலாந்தில் கிங்ஸ்டன் என்ற ஊரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள்.

சிட்னி லூயிஸ் என்ற பையன் போய்ச் சேர்ந்தான். அவன் வயது 12!

18 வயது ஆனால்தான் பட்டாளத்தில் சேரலாம். 19 ஆனால்தான் கடல் கடந்து போர் முனைக்குப் போகலாம். இதுதான் சட்டம். ஆனால், பிறந்த தேதிக்கு யாரும் அத்தாட்சி கேட்கவில்லை. பையன் சொன்னதுதான் வயது. ஆள் சேர்க்கும் சார்ஜெண்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம். அவர் ஏன் துருவிக் கேட்கப் போகிறார்?

மறு ஆண்டு சிட்னி பிரான்சில் இருந்தான். சோம் போர்க்களம். அந்தப் போரின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் வீரர்கள் 19 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தக் களத்தில் 13 வயதுப் பையன் எந்திரத் துப்பாக்கிப் படையில் நின்றான்.

தாய் சும்மா இருக்கவில்லை. மகனின் பிறப்புச் சான்றிதழைப் போர் இலாகாவுக்கு அனுப்பினாள். "என் மகனைத் திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்டாள். மகன் வீடு திரும்பினான். 1969 வரை உயிரோடு இருந்தான். ஒரு துண்டுக் காகிதம் அவனைக் காப்பாற்றியது!

எல்லாத் தாய்மாருக்கும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. வயது நிரம்பாத சுமார் 2½ லட்சம் பையன்கள் பிரிட்டிஷ் படையில் சேர்ந்ததாக வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

பதக்கம் யாருக்கு?

ஜாக் கார்ன்வெல் ஏழை வீட்டுப் பையன். தேயிலை கம்பெனி வண்டியில் வேலை பார்த்தவன். கடற்படையில் சேர்ந்தான். அங்கே பையன்களைச் சட்டப்படியே சேர்த்தார்கள்.

1916-ம் ஆண்டு மே 31-ந் தேதி, ஜட்லண்டு கடற்போர். 'செஸ்டர்' என்ற கப்பலில் ஜாக்கின் பீரங்கியைச் சுற்றி நின்றவர்கள் குண்டு பட்டுச் சாய்ந்தார்கள். ஜாக்கின் மார்பிலும் இரும்புத் துண்டுகள் பாய்ந்தன. அவன் நகரவில்லை. உத்தரவுக்காகக் காத்து நின்றான். இரண்டு நாளில் இறந்தான். வயது 16.

முதலில் அவனைப் பொதுக் குழியில் புதைத்தார்கள். பிறகு பத்திரிகைகள் அவன் புகழைப் பாடின. உடலைத் தோண்டி எடுத்து, ராணுவ மரியாதையுடன் மீண்டும் அடக்கம் செய்தார்கள். 'விக்டோரியா கிராஸ்' என்ற மிகப் பெரிய வீரப் பதக்கத்தையும் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்ட தாய் 1919-ல் வறுமையில் இறந்தாள்.

ஜாக் வீரன். சந்தேகம் இல்லை. ஆனால், மீசை முளைக்காத பிள்ளையைப் பீரங்கி முன் நிறுத்தியது யார்? பெரியவர்கள் அல்லவா?

18 வயது ஆகாதவர்களைப் போரில் ஈடுபடுத்தக் கூடாது என்று 2000-ம் ஆண்டில் ஐ.நா. சபை ஓர் உடன்படிக்கை செய்தது. பல நாடுகள் கையெழுத்திட்டன. அப்படியும், உலகில் பல இடங்களில் சிறுவர் கையில் துப்பாக்கி இருக்கிறது.

வயதைக் கூட்டிச் சொல்வது சிறுபிள்ளைத்தனம். அதை நம்புவதுபோல் நடிப்பது பெரியவர்கள் செய்யும் குற்றம். பிள்ளைகள் இறந்த பிறகு கொடுக்கும் பதக்கம், அந்தக் குற்றத்தைக் கழுவாது.