மனு நம் கையாலேயே எழுதப்படட்டும்

2020 மே மாதம், ஊர் திரும்பத் துடித்த தொழிலாளர்களை 'சேவா சிந்து' இணையதளத்தில் பதியச் சொன்னது கர்நாடக அரசு. கையில் போன் இருந்தும் பதியத் தெரியாமல் தவித்தவர் எத்தனை பேர்!

வேலைக்கும் அதே கதைதான். ரயில்வே தேர்வே கணிப்பொறியில். கல்வி உதவித்தொகை மனுவும் இணையத்தில். ஸ்ரீராம்புரத்துப் பெண்ணொருத்தி கடைக்காரரின் போன் நம்பரைக் கொடுத்து ரயில்வேக்கு மனுப் போட்டாள். தேர்வுச் செய்தி அவருக்கே போயிற்று. இவளுக்குத் தெரியுமுன் தேர்வு முடிந்துவிட்டது.

டிக்கெட் கவுண்டரில் பட்டன் தட்டும் நானே மகளிடம்தான் மனுப் போடக் கற்றேன், இதில் வெட்கமென்ன?

அரசுப் பள்ளிக் கணிப்பொறி அறையை மாலையில் திறந்துவிடச் சொல்லிக் கேட்போம். அதுவரை சங்கத்திலேயே ஞாயிறு வகுப்பு வைப்போம். முதல் பாடம்: சொந்த நம்பர், சொந்த பாஸ்வேர்டு.