கண்ணளவு போதுமா?

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, பாக் நீரிணையின் கரையில் இருக்கிறது காரங்காடு. அங்குள்ள அலையாத்திக் காட்டைப் படகில் சுற்றிப் பார்க்கச் செல்பவர்களில் ஒருவனாகத்தான் நானும் சென்றிருந்தேன். சேற்றில் நண்டுகள் பக்கவாட்டில் ஓடி வளைக்குள் மறைவதைப் பார்த்துவிட்டுக் கரையேறியபோது, ஒரு வண்டியும் ஏறக்குறைய அதே நடையில் எதிரே வந்தது.

பழைய வேன் ஒன்றின் ஆக்சில்களையும், சதுர இரும்புக் குழாய்களையும், எங்கிருந்தோ வந்த எஞ்சினையும் இணைத்து உள்ளூரில் செய்த நான்கு சக்கர வண்டி. மீன் பெட்டிகளும் ஐஸும் ஏற்றுவதற்கானது. முன்சக்கரங்கள் பதித்த தடத்தில் பின்சக்கரங்கள் விழவில்லை. உடல் சற்றே திரும்பியிருக்க, வண்டி மட்டும் நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டி வந்த இளைஞரிடம் பேச்சுக் கொடுத்தேன். டயர் சீக்கிரம் தேய்கிறது, ஸ்டியரிங்கை எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றார். அளந்து செய்ததா என்று கேட்டதற்கு, "பட்டறைக்காரருக்கு டேப்பே வேண்டாண்ணே, கண்ணாலேயே பாத்துச் செஞ்சுருவாரு" என்றார். குரலில் பெருமை இருந்தது.

அந்தப் பெருமை எனக்குப் பழக்கமானது. எழுதுகிறவர்கள் பலரும் அதைத்தான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறோம். ஊர்த் தச்சரையும் கொல்லரையும் கதைக்குள் கொண்டுவரும்போதெல்லாம் அளவுகோலை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, கண்ணில் ஒரு மாயத்தை வைத்துவிடுகிறோம். இது மரியாதை போலத் தோன்றும் அவமரியாதை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

டேப் ஒன்றை வாங்கி வந்து இருவரும் அளந்தோம். சட்டத்தின் நீளம் 2,000 மில்லிமீட்டர், அகலம் 1,200. எதிரெதிர்ப் பக்கங்கள் சரியாகவே இருந்தன. மூலைவிட்டங்கள் இரண்டும்தான் ஒரு விரற்கடை அளவுக்கு வேறுபட்டன. அதாவது அது செவ்வகமே அல்ல, ஒரு பக்கம் நழுவிய இணைகரம்.

ஒரு விரற்கடை பெரிய பிழையா என்று கேட்கலாம். அதைவிடச் சிறிய பிழையையே கணக்கிட்டுப் பார்ப்போம். 1,200 மில்லிமீட்டர் அகலத்தில் ஆக்சிலின் ஒரு முனை 3 மில்லிமீட்டர் முன்னே போய்விட்டால், ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் அந்த ஆக்சில் வண்டியை இரண்டரை மீட்டர் விலக்கப் பார்க்கும். அந்த விலகலை ஓட்டுபவரின் கை ஓயாமல் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். நிற்கும் வண்டியில் 3 மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேற்சொன்ன சட்டத்தில் அதே 3 மில்லிமீட்டர் நழுவல், மூலைவிட்டங்களின் வேறுபாட்டில் 5 மில்லிமீட்டராகப் பெருகித் தெரியும். நூறு ரூபாய் டேப் கண்டுபிடித்துவிடும் பிழை அது.

மூலைவிட்டம் மட்டும் போதாது. சட்டம் முறுக்கிக்கொண்டிருந்தாலும் மூலைவிட்டங்கள் சமமாக வரக்கூடும். அதற்கு நான்கு மூலைகளிலும் மட்டம் பார்க்க வேண்டும். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயால் செய்வதைத்தான் இங்கும் செய்ய வேண்டும். பற்றவைப்பு தனியான தொல்லை. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். அதனால் முதலில் ஆங்காங்கே பொட்டு வைத்தாற்போல் மட்டும் பற்றவைத்து, மீண்டும் அளந்து, பிறகு பக்கம் மாற்றி மாற்றி முழுமையாக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான விதி ஒன்று உண்டு. இலக்கிய வாசகர்களுக்கு அது புதிதல்ல. ஒரு துளையிலிருந்து அடுத்த துளை, அதிலிருந்து அடுத்தது என்று அளந்துகொண்டே போனால், ஒவ்வொன்றிலும் ஒரே பக்கமாக விழும் அரை மில்லிமீட்டர் பத்தாவது துளையில் 5 மில்லிமீட்டராகிவிடும். எல்லா அளவையும் ஒரே நடுக்கோட்டிலிருந்து எடுத்தால் பிழை சேர்வதில்லை. ஏட்டைப் பார்த்து ஏடு, அதைப் பார்த்து இன்னோர் ஏடு என்று பெயர்த்தெழுதியதில் நம் நூல்களுக்கு நேர்ந்ததும் இதுதான். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் கண்டறிய வேண்டியிருந்தது. வண்டிக்கு அப்படி ஒரு பதிப்பாசிரியர் வரப்போவதில்லை.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர் பெற்ற அந்த வகை, செலவு குறைந்தது. அதைவிட முக்கியம், எல்லோருக்கும் ஒரே வகை வண்டி என்பது. சட்டத்துக்குச் சட்டம் அளவு மாறினால் வென்றது ஓட்டுநரா வண்டியா என்று சொல்ல முடியாது. அளவின் ஒழுங்கு அங்கே நியாயத்தின் நிபந்தனை. 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது இந்த வகை வண்டியைத்தான். கரிவரதன் 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கரிவரதன் வசதி படைத்த தொழிற்குடும்பத்தில் பிறந்தவர், காரங்காட்டு இளைஞர் அப்படி அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். ஆனால் காரங்காட்டுக் கரையிலேயே பதில் இருக்கிறது. அங்கே நிற்கும் ஃபைபர் படகுகள் மோல்டு எனப்படும் அச்சுக்குள் கண்ணாடி இழையும் ரெசினும் இட்டு எடுக்கப்பட்டவை. ஓர் அச்சைச் சரியாகச் செய்துவிட்டால் அதிலிருந்து வரும் படகுகள் எல்லாம் அதே வடிவம்தான். வண்டிச் சட்டத்துக்கும் அதுபோல ஜிக் எனப்படும் பிடிசட்டம் ஒன்றை ஒருமுறை துல்லியமாகச் செய்து வைத்துக்கொள்ளலாம்.

அரசு இதைத் தடையாக மட்டுமே அணுகுகிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில், பதிவான வண்டியின் அடிப்படை அம்சங்களை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. புதிய வகை வண்டி என்றால் முன்மாதிரியைச் சோதனை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். சாலையில் செல்லும் மற்றவர்களின் உயிரை எண்ணும்போது இந்த விதிகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விதி இருந்தும் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மாவட்டத்தின் தொழிற்பயிற்சி நிலையங்கள் வாரத்தில் ஒரு மாலை தங்கள் சமதள மேசையையும் அளவுக் கருவிகளையும் உள்ளூர்ப் பட்டறைக்காரர்களுக்குத் திறந்துவிட்டால் என்ன? உரிமம் கிடைக்காது. அளக்கும் பழக்கமாவது கிடைக்கும்.

கடைசியாக என் கணக்கையும் தீர்த்துவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படகுத் தச்சரைப் பற்றி எழுதியபோது, அளவுகோலைத் தொடாதவர் என்று அவரைப் புகழ்ந்திருந்தேன். அவர் இடுப்பில் முடிச்சுகள் போட்ட நூல் ஒன்று செருகியிருந்தது. ஒவ்வொரு பலகையையும் பொருத்துமுன் அதை எடுத்து இரு பக்கமும் பிடித்துப் பார்த்தார். நான் அதைப் பார்த்தேன், எழுதவில்லை. நூல் இல்லாமல் இருந்தால் கட்டுரை அழகாக இருக்கும் என்று நினைத்திருக்கிறேன்.