சீசருக்கு வக்காலத்து வாங்கும் நண்பர்களே!

எங்க கேன்டீன்ல 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிடுவாங்க: "லீஜன் கொடூரமானவங்கதான். ஆனா அவங்க ஏரியால கொள்ளை பயமே இல்ல தெரியுமா?" அந்த 'ஆனா'வைப் பத்திதான் இந்தக் கட்டுரை.

விளையாடாதவங்களுக்குச் சுருக்கமா: 2077-ல் அணுகுண்டுப் போரில் உலகம் அழிஞ்சுடுது. சுமார் 200 வருஷம் கழிச்சு, ஹூவர் அணை யாருக்குன்னு மூணு கோஷ்டி மோதுது: என்.சி.ஆர், மிஸ்டர் ஹவுஸ், சீசரின் லீஜன். நீங்க ஒரு கூரியர். யார் பக்கம் வேணும்னாலும் சேரலாம்.

லீஜன் ஏரியால வியாபாரிகளுக்குப் பாதுகாப்புன்றது உண்மைதான். கேம்லயே காஸ் சொல்றா, ராவுலும் சொல்றார். ஆனா லீஜன் ஆளும் ஊர் எதையும் நாம நேர்ல பார்க்கிறதே இல்ல. பார்க்கிறது அவங்க முகாம் மட்டும்தான். அங்க முதுகு ஒடியுற மூட்டையோட பெண்கள் நடக்கிறாங்க. சிரின்னு ஒருத்தி, மருத்துவம் கத்துக்கிட்டவ, இப்ப அடிமை. வியாபாரியைக் கேட்டவங்க சிரியைக் கேட்டீங்களா?

இன்னொரு கூத்து. லீஜன்ல நவீன மருத்துவத்துக்குத் தடை. அடிபட்ட சிப்பாய்க்கு மூலிகைப் பொடிதான். ஆனா மூளையில கட்டி வந்த சீசரோட கூடாரத்துல ஆட்டோ-டாக் மெஷின் இருக்கு! ஹெகல் தத்துவமெல்லாம் சொல்லி நமக்கு லெக்சர் எடுக்கிற மனுஷன், தன் சட்டத்தைத் தனக்கு மட்டும் தளர்த்திக்கிறார்.

வில்லனே வேண்டாம்னு நான் சொல்லல. நல்ல வில்லன் இருந்தாத்தான் விளையாடவே பிடிக்கும். 1997-ல் வந்த முதல் ஃபால்அவுட்டின் மாஸ்டரைப் பாருங்க. எல்லாரையும் சூப்பர் மியூட்டன்ட்டா மாத்திட்டா மனுஷங்களுக்குள்ள சண்டையே வராதுன்னு மனசார நம்புறார். மியூட்டன்ட்களுக்குக் குழந்தை பிறக்காதுன்னு நாம ஆதாரம் காட்டினா, தான் பண்ணின பாவம் புரிஞ்சு தன்னையே அழிச்சுக்கிறார். துப்பாக்கியே எடுக்காம ஒரு உண்மையால ஜெயிக்கலாம். ஃபால்அவுட் 4-ல இன்ஸ்டிட்யூட்கிட்ட 'ஏன் ஆட்களைக் கடத்திட்டு அவங்க இடத்துல சின்த் வைக்கிறீங்க'ன்னு கேட்டா உருப்படியான பதிலே வராது. அதோட ஒப்பிட்டா சீசர் நல்லா எழுதப்பட்ட வில்லன்தான், ஒத்துக்கிறேன். நல்லா எழுதப்பட்டவர்ன்றதுக்காக அவர் சொல்றது சரின்னு ஆயிடுமா?

நான் முதல் தடவையே பெண் கூரியரா விளையாடினவ. லீஜன் முகாமுக்குள்ள நுழைஞ்சதும் என்னை எப்படிப் பார்த்தாங்க, பேசினாங்கன்னு எனக்குத் தெரியும். அரங்கத்துல சண்டை போடலாம்னு போனேன். பெண்களுக்கு அனுமதி இல்லையாம். அதுவரைக்கும் பாதி பாலைவனத்தையே சுட்டுத் தள்ளினவ நான்! இத்தனைக்கும் அவங்களுக்காக நான் அணையையே பிடிச்சுக் கொடுக்கலாம், அதுக்குத் தடை இல்ல.

'ஒழுங்கு, கட்டுப்பாடு'ன்னு பேசுறப்போ நாம எல்லாரும் நம்மள சீசர் இடத்துலயோ, குறைஞ்சது வியாபாரி இடத்துலயோதான் வச்சுப் பார்க்கிறோம். மூட்டை தூக்குற இடத்துல யாரும் வச்சுப் பார்க்கிறதில்ல. கேம்ல கொல்லுங்க, கொளுத்துங்க, அதுக்குத்தானே காசு கொடுத்து வாங்கினோம். கேமை மூடிட்டு வந்து "நம்ம நாட்டுக்கும் இப்படி ஒருத்தர் வேணும்"னு சொல்றப்போதான் எனக்குக் கடுப்பாகுது.

இதைச் சொன்ன என் கிளாஸ்மேட் ஒருத்தன்கிட்ட, பெண் கேரக்டர் வச்சு லீஜன் ரூட் ஒரு தடவை முடிச்சுட்டு வாடான்னு சவால் விட்டேன். ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா, "போர் அடிச்சுது, ஹவுஸ் பக்கம் போயிட்டேன்"ன்றான்.

ஹவுஸ் ஒண்ணும் யோக்கியன் இல்ல. அந்தச் சண்டையை அடுத்த இதழ்ல வச்சுக்கலாம்.