ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டோம், அடுத்து?



நம் மாணவர்களிடையே மெதுவோட்டப் பழக்கம் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. பலரும் கைப்பேசியின் துணையோடு ‘கவுச் டு ஃபைவ் கே’ பயிற்சியை மேற்கொள்கின்றனர். 1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்த திட்டம் இது. வாரத்திற்கு மூன்று நாள், நடையும் ஓட்டமுமாகத் தொடங்கி, ஒன்பதாம் வாரத்தில் நம்மை 5 கிலோமீட்டர் இடைவிடாமல் ஓட வைக்கிறது.

சிக்கல் பத்தாம் வாரத்தில்தான். ஐந்தை முடித்த கையோடு பத்துக்கும் இருபத்தொன்றுக்கும் பதிந்துவிடுகிறோம். பதக்கம் கிடைக்கிறது; கூடவே முழங்கால் வலியும் வருகிறது. பிறகு காலணி கட்டிலுக்கடியில் போய்விடுகிறது. தமிழ்ப்பள்ளியிலும் இடைநிலைப்பள்ளியிலும் ஓட்டம் என்றால் விளையாட்டுப் போட்டி நாளன்று வேகமாக ஓடுபவர்களின் உடைமை, மற்றவர்கள் கைதட்டுவோம். அந்தப் பதக்க எண்ணம் இன்னும் நம்மை விடவில்லை.

செலண்டாரில் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் வந்தவன் நான். எங்கள் பெரியவர்களுக்குப் பொறுமை புதிய பாடமன்று. கன்றை நட்டவுடன் யாரும் கத்தி வைப்பதில்லை. அடிமரம் 45 முதல் 50 செண்டிமீட்டர் சுற்றளவு பெற வேண்டும். அதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதன்பிறகும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவதே பரவலான முறை. பேராசையில் அளவுக்கு மீறி வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும்.

நம் கால்களும் அப்படித்தான். நெஞ்சும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழகப் பல மாதங்கள் வேண்டும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டினால் கால்தான் தண்டனை பெறும்.

எவ்வளவு கூட்டலாம்? ‘வாரத்திற்குப் பத்து விழுக்காடு’ என்பது ஓட்டக்காரர்களிடையே நெடுநாள் வழக்கு. நெதர்லாந்தின் குரோனிங்கனில் 532 புதிய ஓட்டக்காரர்களிடம் இதைச் சோதித்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. அவ்விதிப்படி 13 வாரம் பயின்றவர்களிலும், வழக்கமான 8 வாரப் பயிற்சி பெற்றவர்களிலும் ஐவரில் ஒருவர் காயமுற்றனர். 2025-இல் 5,200 பேரை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. முந்திய 30 நாள்களில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட, ஒரே ஓட்டத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டியவர்களுக்குக் காயம் அதிகம். வாரத்துக்கு வாரம் கூடும் மொத்தத் தூரத்தில் அத்தகைய தொடர்பு தெரியவில்லை.

ஆகவே, 5 கிலோமீட்டர் ஓடியவர் அடுத்த ஓட்டத்தில் ஐந்தரையைத் தாண்ட வேண்டாம். வாரத்தில் ஓர் ஓட்டத்தை மட்டும் நீட்டுங்கள்; மற்ற இரண்டும் பழைய தூரத்திலேயே இருக்கட்டும். நண்பரோடு பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும். வாரம் ஒரு படி ஏறினாலே எட்டு வாரத்தில் பத்தை எட்டலாம். வலித்தால் அந்த வாரம் ஏற வேண்டாம்.

இதை நான் வற்புறுத்தக் காரணமுண்டு. 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மற்ற இனங்களைவிட இதுவே அதிகம். நம் சமுதாயத்திற்கு ஒரு நாள் 21 கிலோமீட்டர் ஓடிப் படுத்துவிடும் இளைஞரைவிட, நாற்பது வயதிலும் வாரம் மும்முறை ஓடுபவரே தேவை.

தோழர்களே, மரம் முதிரட்டும். பால் தானே வரும்.