பூட்டானில் விருந்தாளியாக

பூட்டானுக்குச் செல்லும் இந்தியர் ஒவ்வொருவரும் அங்கே தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் 1200 ரூபாயை அந்நாட்டு அரசுக்குச் செலுத்த வேண்டும். நிலையான வளர்ச்சிக் கட்டணம் என்பது அதன் பெயர். பெரியவர்கள் நால்வர் ஐந்து இரவுகள் தங்கினால் 24,000 ரூபாய் ஆகிறது. விடுதி வாடகை, வண்டி, உணவு ஆகியவை இதற்குப் புறம்பு. விடுமுறைப் பயணத்துக்கென்று மாதந்தோறும் சிறுகச் சிறுகச் சேமிக்கும் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அன்று. 'பக்கத்து நாடு, விசாகூடத் தேவையில்லை, பிறகு எதற்கு இந்தத் தண்டம்?' என்னும் கேள்வி, பூட்டான் பயணம் பற்றிய பேச்சு எழும் இடங்களிலெல்லாம் கூடவே எழுகிறது.

இக்கட்டணம் நியாயமானது என்பதே நம் கருத்து. 1974இல் பூட்டான் தன் கதவுகளைச் சுற்றுலாவுக்குத் திறந்தபோதே, வருவோர் குறைவாக இருக்கட்டும், அவர்களால் நாட்டுக்குக் கிடைக்கும் வருவாய் நிறைவாக இருக்கட்டும் என்ற கொள்கையை வகுத்துக்கொண்டது. இந்தியருக்கு மட்டும் நெடுங்காலம் எந்தக் கட்டணமும் இருந்ததில்லை. 2020இல் இயற்றப்பட்ட சட்டமே நம்மீதும் கட்டணம் விதித்தது. அப்போதும் சலுகை விலையில்தான் விதித்தது: 2023 செப்டம்பரிலிருந்து பிற நாட்டவர் பெரும்பாலோர் ஓர் இரவுக்கு 100 அமெரிக்க டாலர் செலுத்துகின்றனர். அந்நாட்டின் மக்கள்தொகை எட்டு லட்சத்துக்கும் குறைவு. பத்தாம் வகுப்புவரை இலவசக் கல்வியும், அடிப்படை மருத்துவமும் அரசின் கடமை என்றும், நிலப்பரப்பில் 60 விழுக்காடு என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்றும் அதன் அரசமைப்புச் சட்டம் கூறுகிறது. காட்டை வெட்டி விற்க மறுக்கும் ஒரு சிறு மலைநாடு, வருவோரிடம் ஒரு தொகை கேட்பதில் குறைகூற ஏதுமில்லை. நாம் வருந்த வேண்டியது வேறொன்றுக்காக. அத்தொகையைச் செலுத்திய பின்னும் அந்நாட்டைத் தொடாமலேயே நம்மவர் பலர் திரும்பிவிடுகின்றனர்.

அது எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் காணக் குழுப்பயண விளம்பரங்கள் போதும். நான்கு நாட்களில் திம்பு, புனாக்கா, பாரோ. உடன் வரும் சமையல்காரர். காலையில் இட்லி, பொங்கல். இரவில் சாம்பார், ரசம், அப்பளம். நீரிழிவு உள்ளவர்களுக்கும், முதியவர்களுக்கும், சமய ஒழுக்கத்தின்படி உண்பவர்களுக்கும் இந்த ஏற்பாடு பெரும் துணை என்பதை மறுக்கவில்லை. ஆனால் இருபது பேர் செல்லும் குழுவில் இரண்டு பேருக்குத் தேவையான ஏற்பாடு, மீதமுள்ள பதினெட்டுப் பேரையும் அந்த நாட்டின் அடுப்படிக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. மலைகளைப் புகைப்படத்தில் காணலாம். மலைக்காரர் வீட்டுச் சோற்றை அங்கேதான் உண்ண முடியும்.

அந்தச் சோறு நமக்கு அந்நியமானதும் அன்று. பாரோ பள்ளத்தாக்கில் விளையும் சிவப்பரிசி, சற்றே தீட்டப்பட்டு, வெந்தபின் மங்கிய செந்நிறத்தில் இலேசாக ஒட்டிக்கொள்ளும். உடன் வருவது ஏமா தத்ஷி. ஏமா என்றால் மிளகாய். தத்ஷி என்றால் பாலாடைக்கட்டி. நாம் மிளகாயைக் குழம்பின் காரத்துக்காகச் சேர்க்கிறோம். பூட்டானியர் அதைக் கத்தரிக்காய்போல், வெண்டைக்காய்போல் ஒரு காயாகவே சமைக்கின்றனர். நீளவாக்கில் பிளந்த மிளகாய்களைத் தண்ணீரில் வேகவிட்டு, வெங்காயமோ தக்காளியோ கொஞ்சம் சேர்த்து, கடைசியில் தத்ஷியைப் போட்டு மூடிவிடுவார்கள். வெண்ணெய் எடுத்த மோரைக் காய்ச்சித் திரட்டுவது வீட்டுத் தத்ஷி. வட இந்தியப் பனீரைப்போல் துண்டுதுண்டாக நில்லாமல் அது கரைந்து குழைந்துவிடும். தாளிப்பு இல்லை, மஞ்சள் இல்லை, மல்லித்தூள் இல்லை. முதல் கவளத்தில் நம் நாக்கு எதையோ தேடும். மூன்றாவது கவளத்தில் தேடுவதை நிறுத்திவிடும்.

மிளகாயின்மீது அவர்களுக்குள்ள பற்றை வேடிக்கையாகக் கொள்ளலாகாது. இலையுதிர்காலத்தில் பாரோவுக்குச் சென்றால் வீட்டுக் கூரைகள் சிவந்து கிடக்கும்; குளிர்காலத் தேவைக்காக மிளகாய் காய்கிறது. வெந்நீரில் வாட்டி உலர்த்தி வெண்மையாக்கிய ஷுகாம் என்னும் வகையும் உண்டு. 2016இல், பூச்சிமருந்து எச்சம் மிகுதி என்று கண்டு, இந்தியாவிலிருந்து மிளகாய் இறக்குமதி செய்வதை அந்நாடு தடைசெய்தது. மிளகாய் இல்லாமல் ஒரு வேளையும் உண்ணாத மக்கள் எடுத்த முடிவு அது என்பதை நினைத்தால் அதன் கனம் விளங்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்தக் காய், அவர்களுக்கும் நமக்கும் ஒருசேரப் பிற்காலத்து வரவு என்பதையும் நினைவிற்கொள்ளலாம்.

காரம் தாங்காதவர்களுக்கு உருளைக்கிழங்கு சேர்ந்த கேவா தத்ஷி இருக்கிறது. காளான் சேர்ந்த ஷமு தத்ஷி இருக்கிறது. கிழக்கே புந்தாங் பகுதியில் நெல் அரிதாக விளையும் உயரத்தில் பாப்பரை என்னும் கூலத்தைப் பயிரிடுகின்றனர். அதன் மாவில் குலி என்னும் அடையும், புத்தா என்னும் நூல்போன்ற பண்டமும் செய்கின்றனர். சைவ உணவினர் அஞ்ச வேண்டியதில்லை. உயிர்க்கொலையைப் பாவமாகக் கருதும் பௌத்த நாடு அது. உண்ணப்படும் இறைச்சியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து செல்கிறது. அவர்களது நாட்காட்டியின் முதல் மாதத்திலும் நான்காம் மாதத்திலும் இறைச்சி விற்பனையே கிடையாது. எனினும் சில வீடுகளில் உலர்ந்த இறைச்சித் துண்டுகளைக் காய்கறியோடு சேர்த்துச் சமைப்பதுண்டு. முன்னதாகக் கேட்டுக்கொள்வது நலம்.

விருந்தோம்பலில்தான் நமக்கும் அவர்களுக்கும் எத்தனை நெருக்கம் என்பது புலப்படும். உணவு பரிமாற வரும்போது உடனே தட்டை நீட்டுவது அங்கே மரியாதை அன்று. கையால் வாயை மறைத்துக்கொண்டு 'மேஷு, மேஷு' என்று மறுக்க வேண்டும். இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ வற்புறுத்தியபின் ஏற்றுக்கொள்ள வேண்டும். 'போதும், போதும்' என்று இலைமேல் கைவைத்து மறைத்த நம் பாட்டிமார் அங்கே பிறந்திருந்தாலும் இப்படித்தான் நடந்திருப்பார்கள். சுஜா என்னும் வெண்ணெய்த் தேநீர் வேறு வகை. உப்பிட்டுக் கடைந்த அதனை ஒரு மிடறு பருகியதும் கிண்ணம் மீண்டும் நிறைந்துவிடும். வேண்டாமெனில் நிறைந்த கிண்ணத்தை அப்படியே விட்டுவைத்து, விடைபெறும்போது பருகலாம். தேநீர் என்று எண்ணாமல் மெல்லிய உப்புக் கஞ்சி என்று எண்ணிக் குடித்தால் குளிருக்கு இதமாகவே இருக்கும். வறுத்த அரிசியை அதிலிட்டு உண்பது நம் பொரி, அவல் வழக்கத்தை நினைவூட்டும்.

பின்னர் வருவது தோமா. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகிய மூன்றும்தான். உயர்ந்தோர், எளியோர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் மெல்லுவர். வருபவருக்குத் தோமா நீட்டுவது நட்பின் அடையாளம். முற்காலத்தில் மனித இறைச்சி உண்டுவந்த மக்களை அதிலிருந்து விடுவிக்க, குரு பத்மசம்பவர் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் தந்தார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. நம் தாம்பூலத்தில் பழகிய துணிவோடு அதை வாயிலிட வேண்டாம். ஈரத்தில் ஊறிப் பதப்பட்ட பெரிய பாக்குத் துண்டு அது. கடுமையான வாடை வீசும். பழக்கமில்லாதவர்க்கு உடல் வியர்த்துத் தலை சுற்றும். வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாலே போதும்.

நன்றி சொல்வதற்கு 'காத்ரின்சே லா', வணக்கம் சொல்வதற்கு 'குசுசாங்போ லா'. இறுதியில் வரும் அந்த 'லா' மரியாதைக்கானது. நம் பேச்சில் 'ங்க' சேர்ப்பது போன்றது. அதை விட்டுவிட்டால் பொருள் மாறாது, தன்மை மாறிவிடும்.

இனி, உணவைவிடக் கடுமையான ஒரு செய்தி. திம்புவிலிருந்து புனாக்கா செல்லும் சாலையில், சுமார் 3100 மீட்டர் உயரத்தில் தோச்சுலா கணவாய் உள்ளது. அங்கே 108 சோர்ட்டன்கள், அதாவது தூபிகள், வரிசை வரிசையாக நிற்கின்றன. பின்னணியில் இமயச் சிகரங்கள். எனவே எல்லா வண்டிகளும் அங்கே நிற்கும். 2019 அக்டோபரில் இந்தியப் பயணி ஒருவர் அவற்றுள் ஒன்றின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார். காவல்துறை அவரை விசாரித்தது. அந்தத் தூபிகள் ஏன் எழுந்தன என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா? இந்தியாவின் வடகிழக்கில் போரிட்டுவந்த ஆயுதக் குழுக்கள் பூட்டானின் தென்பகுதிக் காடுகளில் முகாமிட்டிருந்தன. 2003 டிசம்பரில், நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக்கின் தலைமையில், பூட்டானின் சிறிய படை அம்முகாம்களை அழித்தது. அதில் உயிர்நீத்தோரின் நினைவோடு எழுந்தவை அத்தூபிகள். நமக்கு எதிராக ஆயுதம் ஏந்தியவர்களோடு போரிட்டு மாண்டவர்களின் நினைவிடம் அது. எந்த நாட்டவரும் ஏறக்கூடாத இடம். இந்தியர் ஏறுவது அதனினும் கீழ்மை.

ஆகவே ஒழுங்குகளைத் தொல்லையாகக் கருத வேண்டாம். தூபியை எப்போதும் வலமாகவே சுற்றிச் செல்ல வேண்டும். நம் கோயில் வழக்கமும் அதுவே. கோட்டையும் மடமும் ஒருங்கே அமைந்த சோங் வளாகத்துக்குள் முழுக்கை உடை அணிந்து, தொப்பி கழற்றிச் செல்ல வேண்டும். பூட்டானிய ஆடவர் தம் கோ உடையின்மேல் கப்னே என்னும் நீள்துண்டு அணிந்தே உள்ளே செல்வர். எளிய குடிமகனின் துண்டு வெள்ளை, மன்னருடையது மஞ்சள். சந்நிதிகளுக்குள் படமெடுக்க அனுமதி இல்லை. பாறை இடுக்குகளில் சிறிய கூம்பு வடிவில் களிமண் உருவங்கள் குவிந்திருப்பதைக் காணலாம். அழகாக இருக்கின்றன என்று ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வோர் உண்டு. இறந்தவரின் சாம்பல் கலந்து செய்யப்பட்டவை அவற்றில் பல.

வீட்டுச் சுவர்களில் தீட்டப்பட்ட ஆண்குறி ஓவியங்களைக் கண்டு கூச்சலிட்டுச் சிரிக்கும் பயணிகளையும் பற்றிச் சொல்ல வேண்டும். துருக்பா குன்லே என்னும் துறவியின் மரபோடு அவை தொடர்புடையவை. தீமையை விலக்குவன என்பது நம்பிக்கை. புனாக்காவுக்கு அருகே அவர் பெயரோடு இணைந்த சிமி லாகாங் கோயிலுக்குக் குழந்தைப் பேறு வேண்டித் தம்பதியர் வருகின்றனர். வேண்டுதலோடு வந்தவர்களுக்கு முன்னால் சிரிப்பது எந்த ஊரிலும் நாகரிகம் ஆகாது.

காணத்தக்க வேறு சிலவும் உண்டு. திம்புவில் போக்குவரத்து விளக்கு கிடையாது. ஒருமுறை வைத்துப் பார்த்து எடுத்துவிட்டார்கள். நாற்சந்தியின் சிறு மண்டபத்தில் நின்று காவலர் நடனம்போல் கையசைக்கிறார். வில்வித்தைப் போட்டியில் இலக்கு ஏறத்தாழ 140 மீட்டர் தொலைவில் இருக்கும். அம்பு தைத்தால் அணியினர் பாடி ஆடுவர். ஃபோப்ஜிகா பள்ளத்தாக்குக்குக் குளிர்காலத்தில் கருங்கழுத்துக் கொக்குகள் வருவதால், அவை மோதிவிடாதிருக்க மின்கம்பிகளை மண்ணுக்கடியில் பதித்திருக்கிறார்கள். இவற்றையெல்லாம் நான்கு நாட்களில் ஓடிப் பார்ப்பதைவிட, ஒரே பள்ளத்தாக்கில் மூன்று இரவுகள் தங்குவதே மேல். அவற்றில் ஓர் இரவையேனும் உழவர் வீட்டில் கழிக்கலாம். ஆற்றுக் கற்களைத் தீயில் பழுக்கச் சுட்டு மரத்தொட்டி நீரில் இட்டு, மூலிகைத் தழை தூவித் தரும் குளியலும் அங்கே கிடைக்கும்.

'உலகின் மகிழ்ச்சியான மக்கள்' என்ற சொற்றொடரை மட்டும் ஊரிலேயே விட்டுச் செல்வது நல்லது. அங்கும் வேலை தேடும் இளைஞர் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற பிள்ளையின் அழைப்புக்காகக் காத்திருக்கும் பெற்றோர் உண்டு. 'நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?' என்று வழிகாட்டியிடம் தினமும் ஒருவர் கேட்டால் அவர் என்னதான் சொல்வார்?

பணத்தைப் பற்றியும் சில சொற்கள். கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும், ஆதார் செல்லாது. அந்நாட்டு நாணயமான நுல்ட்ரம் 1974இல் அறிமுகமானது. அதன் மதிப்பு இந்திய ரூபாய்க்குச் சமம். ரூபே அட்டை 2019 முதலும், பீம் செயலி வழி யு.பி.ஐ. 2021 ஜூலை முதலும் அங்கே நடைமுறைக்கு வந்துள்ளன. ஆனால் உழவர் வீட்டிலும் மலைப்பாதைத் தேநீர்க் கடையிலும் அவற்றை நம்பியிராமல் கையில் ரொக்கம் வைத்திருக்க வேண்டும். மிச்சமாக வரும் நுல்ட்ரம் தாள்கள் நம் ஊரில் பயன்படா. எல்லையைக் கடக்குமுன் செலவழித்துவிட வேண்டும். புண்ட்ஷோலிங் கடைத்தெருவில் சுகோ கிடைக்கும். கல்போல் இறுகிய பாலாடைக்கட்டித் துண்டுகளை மாலையாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். பல் உறுதியாக இருந்தாலும் கடிக்க முயல வேண்டாம். ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால், எல்லையைத் தாண்டி ஹாசிமாரா ரயில் நிலையம் சென்று சேரும்வரை அது கரையாது.